எடைக் கட்டுப்பாடும் ஆக்குபேஷனல் தெரபியும்: வாசகர் கேள்வி – பதில்

உடல் எடை தொடர்பாக வந்த கடிதங்களில், அன்றாட வாழ்க்கையை முன்வைத்து எழுதப்பட்ட சிலவற்றுக்கு இந்த இதழில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் விடை எழுதுகிறார். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு 52 வயது. முழங்கால் வலிக்காகப் பார்க்கும் மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்லி, உணவியல் நிபுணரிடமும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடமும் அனுப்பியிருக்கிறார். உணவியல் நிபுணர் எதற்கென்று புரிகிறது. பக்கவாதம் வந்தவர்களின் கைக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் என் எடைக்கு என்ன செய்யப் போகிறார்?

பதில்: பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கையால் சட்டைப் பொத்தான் போடக் கற்றுத் தருவதும், உங்கள் எடை விஷயத்தில் நாங்கள் செய்யப் போவதும் அடிப்படையில் ஒரே வேலைதான். ஒருவர் தம் நாளில் செய்ய வேண்டியவற்றையும் செய்ய விரும்புகிறவற்றையும் செய்ய முடிகிறதா, முடியவில்லை என்றால் தடை உடலில் இருக்கிறதா, பழக்கத்தில் இருக்கிறதா, செய்யும் இடத்தில் இருக்கிறதா என்று கண்டறிந்து, எது மாற்றக்கூடியதோ அதை மாற்றுவதுதான் எங்கள் தொழில். 1917இல் அமெரிக்காவில் இத்துறைக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முன்னோடிகளில் ஒருவராக இருந்த எலினார் கிளார்க் ஸ்லாகில், மனநல மருத்துவமனை நோயாளிகளின் குலைந்துபோன நாளை வேலை, ஓய்வு, விளையாட்டு என்று மறுபடி ஒழுங்குபடுத்தும் பழக்கப் பயிற்சியைத்தான் சிகிச்சையாகக் கொடுத்தார். ஆகவே, ஒருவரின் நாளைக் கையில் எடுத்துப் பார்ப்பது எங்களுக்குப் புதிதன்று.

முதல் சந்திப்பில் உங்களை எடை இயந்திரத்தில் நிறுத்துவதைக் காட்டிலும், நேற்றைய நாளை எழுந்தது முதல் படுத்தது வரை சொல்லச் சொல்லிக் கேட்பதற்கே அதிக நேரம் போகும். முழங்கால் வலி உள்ளவர்களிடம் ஒரே விதமான நாளை அடிக்கடி காண்கிறோம். காலையில் வீட்டு வேலை அனைத்தையும் நின்றபடியே ஒரே மூச்சில் முடிக்கிறார்கள். பிற்பகலுக்குள் முழங்கால் வீங்கிவிடுகிறது. மீதி நாள் நாற்காலியிலும் கட்டிலிலும் கழிகிறது. பகலில் தூங்கியதால் இரவில் தூக்கம் வராமல், விழித்திருக்கும் நேரத்தில் எதையாவது கொறிக்கிறார்கள். இதில் எடைக்குக் காரணம் உணவு மட்டும் என்று சொல்ல முடியாது. காலை வேலையை இரண்டு மூன்று கூறாகப் பிரித்து, அதில் பாதியை உயரமான இருக்கையில் அமர்ந்து செய்ய ஏற்பாடு செய்தால், மாலையில் நடப்பதற்குக் காலில் வலு மிஞ்சுகிறது. மாலையில் நடந்தவருக்கு இரவில் தூக்கமும் ஓரளவு நேராகிறது.

இதை வெறும் பேச்சாக விட்டுவிடாமல் அளப்பதற்கும் கருவி உண்டு. கனடாவில் உருவாக்கப்பட்டு 1991இல் வெளியான ஓர் அளவீட்டை உலகெங்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் பயன்படுத்துகிறார்கள். உங்களுக்கு மிக முக்கியமாகத் தோன்றும் செயல்களை, அதிகபட்சம் ஐந்து, நீங்களே தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், செய்வதில் எவ்வளவு திருப்தி என்று 10க்கு மதிப்பெண் போடுவீர்கள். சில மாதங்கள் கழித்து மறுபடி போடும்போது 2 புள்ளிகள் உயர்ந்திருந்தால், அதைப் பொருட்படுத்தத்தக்க மாற்றமாக எடுத்துக்கொள்கிறோம். மாடிப்படி ஏறுவது, பேரக்குழந்தையோடு தரையில் அமர்ந்து எழுவது என்று உங்கள் பட்டியலில் எதுவும் இருக்கலாம். எடை குறைப்பது அதில் இடம்பெறாமலேயே போகலாம்.

உணவின் அளவும் தரமும் உணவியல் நிபுணரின் பொறுப்பு; தசைக்கு வலுவூட்டுவது பிசியோதெரபிஸ்ட்டின் பொறுப்பு. அவர்கள் சொன்னதை உங்கள் வீட்டில், உங்கள் நேரத்தில் செய்ய முடிகிறதா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பு. முழங்காலைப் பொறுத்தவரை சிறிய குறைவுக்கும் பலன் பெரிது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். எடை மிகுந்து, மூட்டுத் தேய்மானமும் உள்ள முதியவர்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ அளவுக்குக் குறைவது தெரியவந்தது.

கேள்வி: வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கிறேன். பகல் முழுவதும் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, இரவு 9 மணிக்கு மேல் கையில் கிடைத்ததை எல்லாம் தின்றுவிடுகிறேன். மன உறுதியை வளர்த்துக்கொள்ள வழி சொல்லுங்கள்.

பதில்: மன உறுதியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு 9 மணியைப் பார்ப்போம். அந்த நேரத்துக்கு முன்பு என்ன நடக்கிறது? உங்கள் கடிதத்தின்படி 8.30 மணி அளவில் மடிக்கணினியை மூடுகிறீர்கள். அதே மேசையில், அதே நாற்காலியில் அமர்ந்தபடி கைபேசியை எடுக்கிறீர்கள். வேலை முடிந்தது என்று உடலுக்குத் தெரிவிக்க எந்த அடையாளமும் இல்லை. அலுவலகம் போய் வந்த காலத்தில் வீடு திரும்பும் பயணம் அந்த அடையாளமாக இருந்தது. இப்போது அந்த இடத்தில் தின்பண்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது என் ஊகம்.

ஊகத்தைச் சரிபார்க்க ஒரு வாரம் குறிப்பெழுதிப் பாருங்கள். கலோரியை எழுத வேண்டாம். நேரம், இடம், தின்பதற்குச் சற்று முன் கையில் என்ன இருந்தது, கடைசியாக வயிறார உண்டது எப்போது ஆகிய நான்கும் போதும். பகல் உணவைத் தவிர்த்த நாட்களில் இரவுத் தீனி கூடுகிறது என்று தெரிந்தால், ‘பகல் கட்டுப்பாடு’தான் இரவில் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது, அதைத் தளர்த்துவதே முதல் வேலை. பசியே இல்லாமல் கை தானாகப் போகிறது என்று தெரிந்தால் அது வேறு சிக்கல், வேறு தீர்வு.

இரண்டாவது வகைக்கு நாங்கள் தேடுவது, இரண்டு கைகளுக்கும் ஒருசேர வேலை தரக்கூடிய, உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒரு செயல். படம் பார்ப்பது உதவாது, ஏனென்றால் கண் திரையில் இருக்கும்போது கைகள் சும்மா இருக்கின்றன. இசைக்கருவி, தையல், மரவேலை, ஓவியம், செடி வளர்ப்பு என்று முன்பு செய்துகொண்டிருந்து கைவிட்டது ஏதாவது இருந்தால் அதிலிருந்தே தொடங்குவது எளிது. அதற்கு வேண்டிய பொருட்கள் 8.30க்கு முன்பே, வேலை மேசையிலிருந்து தள்ளி, எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். அலமாரியில் பூட்டிக் கிடக்கும் வயலினை விட மேசையில் திறந்து கிடக்கும் பொட்டலம்தான் எப்போதும் முந்திக்கொள்ளும். பிறகு, ‘மடிக்கணினியை மூடியதும் எழுந்துபோய் இதைத் தொடுவேன்’ என்று ஒரு நிகழ்வோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘இனிமேல் இரவில் தின்ன மாட்டேன்’ என்ற பொதுவான தீர்மானத்தை விட, எப்போது, எங்கே, எதைச் செய்வேன் என்று குறித்து வைத்த திட்டம் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்பதை உளவியல் ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று எங்கும் எழுதப்படுவதை நம்ப வேண்டாம். லண்டனில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய செயல் ஒன்று தன்னியல்பாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின; ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை அது வேறுபட்டது. ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆனால் குறுகிய நேரத்தில் மிகையான அளவை, நிறுத்தவே முடியாமல் உண்டு, பிறகு மிகுந்த வேதனை அடைவது வாரத்தில் ஒரு முறையாவது மாதக்கணக்கில் நடக்கிறது என்றால், அது சிகிச்சை தேவைப்படும் உணவுக் கோளாறாக இருக்கலாம். தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. என் எடை 130 கிலோவுக்கு மேல். கழிப்பறையில் சுத்தம் செய்துகொள்ளக் கை எட்டுவதில்லை. காலுறை அணியக் குனிய முடிவதில்லை. இதனாலேயே வெளியே போவதைக் குறைத்துவிட்டேன்.

பதில்: வாரந்தோறும் நாங்கள் கேட்கும் சிரமங்கள்தான் இவை. பெரும்பாலானோர் தாமாகச் சொல்வதில்லை, நாங்கள் கேட்ட பிறகுதான் சொல்கிறார்கள். எடை குறையும் வரை இவை காத்திருக்க வேண்டியதில்லை.

கழிப்பறையில் முதலில் பார்க்க வேண்டியது நிலை. அமர்ந்த நிலையில் பின்புறமாகக் கை எட்டாதவர்களில் சிலருக்கு, ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எட்டுகிறது; சிலருக்கு, உறுதியான கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பாதி எழுந்த நிலையில் எட்டுகிறது. அப்படியும் எட்டாவிட்டால், குழாயோடு இணைந்த கைத்தெளிப்பான், இருக்கையிலேயே பொருத்தும் நீர்பீச்சி, முனையில் துடைப்பானைப் பற்றிக்கொள்ளும் நீண்ட கைப்பிடிக் கருவி ஆகியவற்றில் ஒன்று அநேகமாகப் பயன்படும். எந்த முறையானாலும் பெண்கள் முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்வது சிறுநீர்த் தொற்றைத் தவிர்க்க உதவும். வெளியே எடுத்துச் செல்லும்படி மடங்கும் கருவிகளும் உண்டு. சிறிய சாதனம்தான், ஆனால் வெளியில் கழிப்பறைக்குப் போக நேரிடுமோ என்ற அச்சத்தில் வீட்டிலேயே முடங்கி, தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும் ஒருவருக்கு இதுதான் வாசற்கதவைத் திறக்கிறது. நடை கூடுவதும் எடை குறைவதும் அதற்குப் பின்னால் வருகிறவை.

காலுறைக்கு, வளைந்த தகடும் இரண்டு நாடாக்களும் கொண்ட எளிய கருவி ஒன்று இருக்கிறது. தகட்டின் மேல் காலுறையை மடியில் வைத்தே மாட்டிவிட்டு, நாடாக்களைப் பிடித்தபடி தரையில் இறக்கி, பாதத்தை உள்ளே நுழைத்து நாடாக்களை இழுத்தால் காலுறை ஏறிவிடும், குனியவே வேண்டாம். ஷூவுக்கு, குதிகாலை உள்ளே வழுக்கிவிடும் நீண்ட தகடான ஷூ ஹார்னும், ஒருமுறை கட்டினால் அவிழ்க்க வேண்டியிராத மீள்நாடாவும் போதும். நீரிழிவு இருந்தால், நீண்ட பிடியுள்ள கண்ணாடியைத் தரையருகே பிடித்துத் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். கண்ணுக்கு எட்டாத பாதத்தில் புண் வந்தால் தாமதமாகத்தான் தெரியும்.

குளித்த பின் வயிற்றுக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் உள்ள தோல் மடிப்புகளில் ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று வரும். தேய்க்காமல், மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கை எட்டாத இடத்துக்கு முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்துக் காட்டலாம். சிவப்பு, நாற்றம், கசிவு இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இனி மிக முக்கியமான எச்சரிக்கை: குளியல் நாற்காலி, கைப்பிடி, கழிப்பறை இருக்கை, ஏறுபடி என்று எதை வாங்கினாலும் அது தாங்கக்கூடிய அதிகபட்ச எடை அதில் எழுதியிருக்கும், சாதாரணமாகக் கிடைப்பவற்றில் பல உங்கள் எடைக்குப் போதாமல் இருக்கலாம். துண்டு தொங்கவிடும் கம்பியைப் பிடித்து எழுவது மிகவும் ஆபத்தானது. கைப்பிடியைச் சுவரின் வலு பார்த்துப் பொருத்த வேண்டும் என்பதால், வீட்டுக்கு வந்து அளவெடுக்கும்படி தெரபிஸ்ட்டைக் கேளுங்கள்.

கேள்வி: மூச்சிரைக்கிறது என்பதால் உட்கார்ந்து வேலை செய்யவும் இடையிடையே ஓய்வெடுக்கவும் தெரபிஸ்ட் சொல்கிறார். சக்தியைச் செலவழித்தால்தானே எடை குறையும்? மிச்சம் பிடித்தால் எடை கூடிவிடாதா?

பதில்: நியாயமான கேள்வி. எங்கள் துறைக்குள்ளேயே இதை விளக்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எல்லா வேலையையும் உட்கார்ந்து செய்யச் சொன்னால் உங்கள் அச்சம் சரியே. ஆனால் எந்த வேலையில் மிச்சம் பிடிப்பது, மிஞ்சியதை எதில் செலவிடுவது என்பதுதான் இங்கே கணக்கு. துணி மடிப்பதிலும் குளிப்பதிலும் சக்தி தீர்ந்துபோகிறவர் மாலையில் நடக்க மாட்டார். வலியோ இரைப்போ குறைந்த நாளில் மொத்த வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்திருப்பவரின் வாரக் கணக்கை எடுத்துப் பார்த்தால் மொத்த அசைவு குறைவாகவே இருக்கும். தினமும் ஏறத்தாழ ஒரே அளவு செய்து, அந்த அளவை மெல்லக் கூட்டிக்கொண்டு போவதே நாங்கள் விரும்புவது.

எவ்வளவு வேகம் என்பதற்குக் கருவி வேண்டாம்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அது மிதமான உழைப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. முன்பு ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று இருந்த நிபந்தனையை 2020 வழிகாட்டுதலில் நீக்கிவிட்டது என்பதால், உங்களால் ஒரு தடவைக்கு 3 நிமிடம்தான் முடியும் என்றாலும் அதுவும் சேரும். படுத்தாலே மூச்சுத் திணறுகிறது, கால் வீங்குகிறது, மார்பு இறுகுகிறது என்றால் மட்டும் இதில் எதையும் தொடங்காமல் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. மனநல மருந்து தொடங்கிய பிறகு நோய் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் எடை வேகமாக ஏறிவிட்டது, பகல் முழுவதும் தூங்குகிறான். மருந்தை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. ஒலன்சபைன், குளோசபைன் போன்ற மருந்துகள் பசியையும் எடையையும் கூட்டும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். மருந்தை மாற்றுவது, இரவில் எடுக்கும் நேரத்தைச் சரிசெய்வது, நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையைச் சேர்ப்பது என்று அவர்களிடம் வழிகள் உள்ளன. இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் முறையாகப் பரிசோதிக்கப்படுகின்றனவா என்று கேளுங்கள்.

பகல் தூக்கத்தில் ஒரு பங்கு மருந்தினுடையது. மறு பங்கு, எழுந்து செய்வதற்கு ஒன்றுமில்லாத நாளினுடையது. படிப்போ வேலையோ நின்றுபோன இளைஞருக்கு யாரும் எதற்காகவும் காத்திருப்பதில்லை. அந்த வெறுமையில் உணவு ஒன்றுதான் நேரம் தவறாமல் வரும் நிகழ்வு. ஆகவே உடற்பயிற்சி அட்டவணையோடு நாங்கள் தொடங்குவதில்லை. நாளில் ஒரே ஒரு நிலையான பொறுப்பு, அதுவும் அவர் செய்யாவிட்டால் வேறொருவருக்குக் குறை தெரியக்கூடியது, முதலில் வேண்டும். நாயை வெளியே அழைத்துப் போவது, தாத்தாவுக்குச் செய்தித்தாள் வாங்கி வருவது போன்றவை நல்ல தொடக்கங்கள். அது சில வாரங்கள் நிலைத்த பிறகு, வாரம் ஒரு வேளை உணவைத் திட்டமிட்டு, பொருள் வாங்கி, அவரே சமைப்பது வரை படிப்படியாகப் போகலாம். வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறச் சர்க்கரை அளவைப் படிப்பதும், இருவருக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுவதும் சேர்ந்தே வந்துவிடும். கட்டளையாகச் சொல்வதை விட, தொடக்கத்தில் நீங்களும் கூடச் செய்யுங்கள். தினமும் அவர் எழுந்ததும் காதில் விழும் முதல் சொல் எடையைப் பற்றியதாக இருக்க வேண்டாம்.

கேள்வி: எடைக் குறைப்பு ஊசி போட்டுக்கொள்கிறேன், நன்றாகக் குறைகிறது. இனி தெரபி தேவையா?

பதில்: தேவை குறைந்திருக்கலாம், தீரவில்லை. செமாக்ளூடைடு ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், குறைந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. கொழுப்போடு தசையும் குறைவதால் வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். பசி அடங்கியிருக்கும் இந்தக் காலம், முன்பு உணவைச் சுற்றியே அமைந்திருந்த மாலைகளையும் விடுமுறைகளையும் வேறுவிதமாக அமைத்துக்கொள்ள ஏற்றது. பசியோடு போராடிக்கொண்டே அதைச் செய்வது கடினம்.

கேள்வி: 84 கிலோ இருந்தேன். ஆறு மாதத்தில் 4 கிலோதான் குறைந்தது. நீச்சலுக்குப் போக வேண்டும், நண்பர்களின் விழாக்களுக்குப் போக வேண்டும் என்றெல்லாம் ஆசை. 65 கிலோவுக்கு வந்த பிறகு போகலாம் என்றிருக்கிறேன். இந்த வேகத்தில் எப்போது வருவேன்?

பதில்: 84இல் 4 என்பது ஏறத்தாழ 5 சதவீதம். 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தக் கொழுப்பு ஆகியவை மேம்படும் என்பதால் உங்கள் மருத்துவர் இதைக் குறைவாக மதிப்பிட மாட்டார். எனக்குக் கவலை தருவது கடிதத்தின் பின்பகுதி.

உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தர வினாப்பட்டியலின் சுருக்க வடிவில் 26 கேள்விகள் உள்ளன; பொதுவான இரண்டைத் தவிர மற்றவை உடல், மனம், சமூக உறவு, சூழல் என்ற நான்கு பிரிவுகளில் வருகின்றன. அவற்றில் எங்கும் எத்தனை கிலோ என்ற கேள்வி இல்லை. உறவுகளில் நிறைவு உண்டா, ஓய்வுநேரச் செயல்களுக்கு வாய்ப்பு உண்டா என்ற கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் 65 கிலோவரை தள்ளிவைத்திருப்பவை அனைத்தும் இந்தக் கேள்விகளுக்குள் அடங்குகிறவை. தள்ளிவைப்பதற்கு எடையைக் குறைக்கும் ஆற்றலும் இல்லை. மாறாக, பிறர் பார்வைக்கு அஞ்சி ஒதுங்குகிறவர்கள் குறைவாக நடமாடுகிறார்கள், மருத்துவரிடம் போவதைக்கூடத் தவிர்க்கிறார்கள். எடையை வைத்து இழிவுபடுத்துவது உடலுக்கும் மனத்துக்கும் தீங்கு செய்கிறது என்று பல நாட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2020இல் ஓர் ஒருமித்த அறிக்கையே வெளியிட்டன.

நீச்சலை எடுத்துக்கொள்வோம். உங்களைத் தடுப்பது எது என்று பிரித்துப் பாருங்கள்: பொருத்தமான நீச்சல் உடை இல்லையா, குளத்திலிருந்து ஏணி வழியே ஏற முடியாதோ என்ற அச்சமா, உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் இருப்பதா, முன்பு யாரோ சொன்ன ஒரு சொல்லா? முதல் மூன்றுக்கும் விடை இந்த வாரமே கிடைத்துவிடும். சாய்படிகள் உள்ள குளம் எது, தனித்தனி உடைமாற்றும் அறைகள் உண்டா, கூட்டம் குறைந்த நேரம் எது என்று தொலைபேசியில் விசாரித்துவிட்டு, முதல் நாள் நீரில் இறங்காமல் இடத்தைப் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். நான்காவதுக்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும்; அதைத் தெரபிஸ்ட்டிடமோ உளவியல் ஆலோசகரிடமோ பேசலாம், ஆனால் பேசி முடித்த பிறகுதான் குளத்துக்குப் போக வேண்டும் என்றில்லை. அடுத்த சந்திப்பில், முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன மதிப்பெண் பட்டியலின் முதல் வரியில் நீச்சலை எழுதச் சொல்லுங்கள்; விழாக்கள் இரண்டாவது வரியில் வரட்டும்.